பழைய ஆயில் பெயின்டிங்கில் வெள்ளைப் பூப்பு, மேலெழும்பும் மணிகள்: துடைக்கலாமா?

மத்தூர் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஆயில் பெயின்டிங் ஒன்று மத்தூர் பக்கம் பூர்வீக வீட்டில் இருக்கிறது. கேன்வாஸ் துணியில் வரைந்தது. 1930-களில் மதராஸில் படித்துவிட்டு வந்த ஓவியர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே தங்கி வரைந்தார் என்று பாட்டி சொல்வார். கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், கையில் தடி. ஓட்டு வீடு. பூஜை அறைக்கு வெளியே, மழைச்சாரல் அடிக்கும் சுவரில் முன்பக்கம் சாய்ந்தபடி தொங்குகிறது. கண்ணாடி கிடையாது.

பிரச்சினை இரண்டு. கோட்டின் கறுப்பு முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. காய்ந்த துணியால் ஒற்றினால் கொஞ்சம் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மறுபடி வந்துவிடும். வேட்டியிலும் அங்கவஸ்திரத்திலும் வேறு மாதிரி. ரவையைத் தூவி அதன்மேல் பெயின்ட் அடித்ததுபோல் மணி மணியாக எழும்பியிருக்கிறது. சில இடங்களில் மணி உதிர்ந்து, ஊசி முனை அளவுக்குப் பள்ளம் தெரிகிறது.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், படத்தை இறக்கியாக வேண்டும். உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்தால் போய்விடும் என்கிறார் சித்தப்பா. தேங்காய் எண்ணெய் தடவு என்கிறார் அத்தை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரேம்கடை, காவேரிப்பட்டணம்:
தம்பி, எங்க அப்பா காலத்துலயிருந்து பிரேம் கடை வெச்சிருக்கோம். பழைய படம் வந்தா ஈரத் துணியைப் பிழிஞ்சு லேசாத் துடைச்சு, காயவெச்சு, கோபால்னு ஒரு மரப்பிசின்ல செஞ்ச வார்னிஷ் ஒரு கோட்டிங் கொடுப்போம். கறுப்பெல்லாம் எடுப்பாத் தெரியும். அந்த மணியை வேணும்னா நைஸ் எமரி பேப்பர்ல லேசா ஒரு இழு இழுத்துடலாம். படத்தைக் கடைக்குக் கொண்டு வாங்க.

தூரிகை, ஓசூர்:
மத்தூர் தம்பி, எமரி பேப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேம்கடை அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், ஈரத் துணியும் வார்னிஷும்கூட இந்தப் படத்துக்கு ஆகாது. நான் ஓவியப் பாதுகாப்பு படித்து, பெங்களூருவில் அந்த வேலையே பார்த்தவள். காரணத்தோடு சொல்கிறேன்.

கேன்வாஸ் துணியில் பொதுவாக நேராக வண்ணம் பூசுவதில்லை. முதலில் விலங்குப் பசை, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், கடைசியில் வார்னிஷ். வயதான படத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் நிறைய. அந்த வழியாக ஈரம் இறங்கினால் அடியிலுள்ள பசை ஊறும், காயும்போது சுருங்கும். மேலே இருக்கும் வண்ணத்துக்கு வளைந்துகொடுக்கும் தன்மை எப்போதோ போய்விட்டது. அதனால் செதில் செதிலாகக் கழன்றுவரும். உருளைக்கிழங்கு தேய்ப்பதும் தண்ணீர் தடவுவதுதான், கூடவே மாவுச்சத்து. விரிசலில் தங்கும் மாவு பூஞ்சைக்குத் தீனி.

தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததே அது ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப் படலமாக மாறும் என்பதால்தான். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். அது எத்தனை காலமானாலும் காயாது. ஒட்டும் பிசுக்காகவே இருந்து விளக்குப் புகையையும் தூசியையும் பிடித்துவைக்கும்.

இனி அந்த வெள்ளைக்கு வருவோம். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. பூஞ்சையாக இருக்கலாம், லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிளைவிட்ட இழைகள் தெரியும். வார்னிஷ் ஈரத்தில் மங்கியிருக்கலாம். அது ஒற்றினால் போகாது. வண்ணத்துக்குள்ளிருந்து கொழுப்பு அமிலமே வெளியே வந்து படிகமாகியிருக்கலாம். ஒற்றினால் போய், மழைக்காலம் முடிந்ததும் திரும்ப வருகிறது என்கிறீர்கள். பூஞ்சையா அமிலமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மணிகளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவை வெளியிலிருந்து வந்து ஒட்டியவை அல்ல, படத்துக்குள்ளிருந்து முளைத்தவை.

வேதியியல் வாத்தியார், தருமபுரி:
மேடம் சொன்ன கடைசி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கொழுப்பு சோப்பாக மாறும் சோப்பாதல் வினையைப் பிளஸ் டூ மாணவர்களுக்கு வருஷா வருஷம் நடத்தியவன் நான். அதே வினை சுவரில் மாட்டிய படத்துக்குள் சத்தமில்லாமல் பல பத்தாண்டுகள் நடக்கிறது என்று படித்தபோது பெரிய வியப்பு எனக்கு.

ஆளிவிதை எண்ணெயில் பாதியளவுக்கு லினோலெனிக் அமிலம். அதில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். ஆக்சிஜன் அங்கே வினைபுரிந்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்கும். நாம் 'பெயின்ட் காய்ந்தது' என்பது இதைத்தான். அது தண்ணீர் ஆவியாகிக் காய்வதைப் போன்றதல்ல. ஆனால் அதே எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பால்மிடிக், ஸ்டீயரிக் அமிலங்களும் உண்டு. இவற்றில் இரட்டைப் பிணைப்பு இல்லை, வலையில் கோக்க முடியாது. கிளிசராலோடு எஸ்டராகப் பிணைந்து உள்ளேயே கிடக்கும். காற்றின் ஈரம் மெதுவாக அந்த எஸ்டர் பிணைப்பை நீராற்பகுத்து, அதாவது நீரால் உடைத்து, விட்டுவிடும். விடுபட்ட அமிலம் நகர ஆரம்பிக்கும்.

இப்போது நிறமி. ஈய வெள்ளை என்பது காரத்தன்மையுள்ள ஈயக் கார்பனேட். துத்தநாக வெள்ளை என்பது துத்தநாக ஆக்சைடு. நகர்ந்துவரும் அமிலம் இவற்றோடு வினைபுரிந்தால் கிடைப்பது ஈய ஸ்டீயரேட், துத்தநாகப் பால்மிடேட் வகையறா. நாம் குளிக்கும் சோப்பில் சோடியம் இருக்கும் இடத்தில் இங்கே ஈயமும் துத்தநாகமும். இந்த உலோகச் சோப்பு ஓரிடத்தில் திரளும், பருக்கும், மேலே உள்ள வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வேட்டியும் அங்கவஸ்திரமும் வெள்ளை. 1930-களில் ஓவியர் கையில் இருந்திருக்கக்கூடிய வெள்ளைகள் ஈயம், துத்தநாகம், அப்போதுதான் பரவிவந்த டைட்டானியம். மணிகள் சரியாக வெள்ளைப் பகுதியில் வந்திருப்பது பொருந்துகிறது.

கறுப்புக்கும் இதே கணக்குதான். கரியாலும் எலும்புக்கரியாலும் ஆன கறுப்பில் அமிலத்தைப் பிடித்துவைக்கும் அளவுக்கு ஈயமோ துத்தநாகமோ கிடையாது. பிடிப்பாரில்லாத அமிலம் மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் படிகமாகிறது. ஒரே எண்ணெய், ஒரே அமிலம். எந்த நிறமியின் வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் மணி, இன்னோரிடத்தில் பூப்பு.

மத்தூர் பேரன்:
ஐயா, இப்படிப் புரியும்படி யாரும் சொன்னதில்லை. நன்றி. இந்த மணி விஷயம் பெரிய ஓவியங்களிலும் உண்டா?

தூரிகை, ஓசூர்:
உண்டு. இதை உலகம் கண்டுகொண்டதே அப்படித்தான். நெதர்லாந்தில் ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் 1632-இல் வரைந்த 'டாக்டர் டுல்ப்பின் உடற்கூறு பாடம்' இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் அதைச் சீரமைத்தபோது மேற்பரப்பெங்கும் நுண்ணிய வெண்மணிகள். ஓவியப் பாதுகாப்பு நிபுணர் பெட்ரியா நோபிளும் வேதியியலாளர் யாப் போனும் அவற்றை ஆராய்ந்தார்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்கை எடுத்து, ரெசினில் பதித்து, குறுக்குவெட்டு தெரியும்படி தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைப்பது இதற்கான முறை. அப்போது அடுக்குகள் வரிசையாகத் தெரியும். டுல்ப் படத்தில் மணி கிளம்பியது மேல் வண்ணத்திலிருந்து இல்லை, அடிப்பூச்சில் இருந்த ஈய வெள்ளையிலிருந்து. மணி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இருந்து வரைந்தவர். அவர் படங்களில் நெருடும் மணிகளைப் பாலைவன மணல் என்றே முதலில் எண்ணினார்கள். சோதித்தால் அதுவும் உலோகச் சோப்பு. 2019-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் ஒரு டேப்லெட் திரையின் ஒளிக்கோலங்களைப் படத்தின்மேல் விழவைத்து, அதே டேப்லெட் கேமராவால் மேடுபள்ளத்தை அளக்கும் முறையைக் காட்டினார்கள். மணி வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று படத்தைத் தொடாமலேயே பின்தொடர அது உதவுகிறது.

அதனால்தான் எமரி பேப்பர் என்றதும் பதறினேன். மணியின் தலையில் இருப்பது அந்த ஓவியர் பூசிய வண்ணம். தேய்த்தால் அது போய்விடும், அடியில் குழிதான் மிஞ்சும். அடியில் வினை நிற்கவும் நிற்காது. இன்னொன்று: ஈய வெள்ளைத் தூள் நஞ்சு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் உதிர்ந்த செதிலைப் பெருக்குமாறால் கூட்டாதீர்கள். கையுறை போட்டு ஈரத் தாளால் தரையிலிருந்து ஒற்றி எடுங்கள். தரையிலிருந்து மட்டும், படத்திலிருந்து இல்லை.

மணியோசை, எலத்தகிரி:
நல்ல உரையாடல். எனக்குத் தெரிந்த ஒரு பழைய கோயிலில் பீடத்துக்கு மேலே மாதா படம், அதுவும் ஆயில்தான். மெழுகுவர்த்திப் புகையில் முகமே இருண்டுவிட்டது. எச்சில் தொட்டு பஞ்சால் துடைத்தால் அழுக்கு வரும் என்று ஒருவர் சொன்னார். இது உண்மையா மேடம், வெறும் பேச்சா?

தூரிகை, ஓசூர்:
உண்மைதான். ஓவியப் பாதுகாப்பு நிபுணர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த முறை. எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதிதான் அழுக்கைப் பிடித்து எடுக்கிறது என்று போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1990-இல் ஆய்ந்து வெளியிட்டார்கள். ஆனால் அது ஈரமும்தான். வண்ணம் உறுதியாக இருக்கிறதா, நீர் பட்டால் நிறம் விடுகிறதா என்று ஓரத்தில் சோதித்துவிட்டுக் கைதேர்ந்தவர் செய்வது. செதில் எழும்பிய படத்தை அவர்களே அப்படித் தொட மாட்டார்கள். மாதா படத்துக்கு இப்போதே செய்யக்கூடியது, மெழுகுவர்த்தித் தட்டைப் படத்துக்கு நேர் கீழேயிருந்து தள்ளி வைப்பது. பங்குத்தந்தையிடம் சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். கண்ணாடி இல்லாத படத்தில் சந்தனம், குங்குமம் வைப்பதையும் ஈரம் சொட்டும் மாலை போடுவதையும் நிறுத்திவிடுங்கள். மரியாதையைப் படத்துக்குக் கீழே ஒரு பலகை வைத்து அதில் செய்யலாம்.

பாரமகால் வரலாறு:
நான் வேதியியல் தெரியாதவன், வரலாற்றுப் பக்கம் ஒன்று சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-இல் இந்த வழியாகத்தான் வந்தார்கள். ராயக்கோட்டை, ஜெகதேவி மலைக்கோட்டைகளை அவர்கள் வரைந்தது அக்வாடின்ட் அச்சாக வெளிவந்தது. அது தாளில் அச்சிட்டது, ஆயில் இல்லை. ஆனாலும் நம் மலைகளை அந்தக் காலத்து நிறத்தில் பார்க்க நமக்கு அதுதான் வாய்ப்பு. அந்த நிறம் மங்கியிருந்தால் நாம் பார்ப்பது எந்த மலை என்று யோசிப்பேன்.

கேள்வி இதுதான். வெளிச்சம்தான் படத்தைக் கெடுக்கும், அதனால் இருட்டில் வைக்க வேண்டும் என்று எல்லா அருங்காட்சியகத்திலும் சொல்கிறார்கள். நீங்களோ ஈரம் ஈரம் என்கிறீர்கள். எது சரி?

வேதியியல் வாத்தியார், தருமபுரி:
நிறமிக்கு நிறமி வேறு. வான்கோவின் குரோம் மஞ்சள் பழுப்பாக மாறுவதை 2011-இல் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார்கள். அறு இணைதிற குரோமியம் ஒளியால் மூவிணைதிற குரோமியமாக ஒடுங்குகிறது. அங்கே குற்றவாளி ஒளி. எட்வர்ட் முங்க் 1910 வாக்கில் வரைந்த 'அலறல்' படத்தின் காட்மியம் மஞ்சளை ஆராய்ந்து 2020-இல் வந்த முடிவு வேறு. அங்கே ஒளியின் பங்கு சிறிது. ஈரமும் வண்ணத்திலேயே இருந்த குளோரைடும்தான் காரணம். அந்தப் படத்துக்கு ஒப்பு ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார்கள். கடையில் ஒரே அலமாரியில் விற்கும் இரண்டு மஞ்சள்கள், கெடும் வழி வெவ்வேறு. 'எல்லாப் படத்துக்கும் ஒரே மருந்து' என்ற பேச்சை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

பிரேம்கடை, காவேரிப்பட்டணம்:
எல்லாத்தையும் படிச்சேன். மேடம், நீங்க சொல்றது ரெம்பிராண்ட் படத்துக்குச் சரி. கோடிக்கணக்குல மதிப்பு, ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. மத்தூர்ல ஒரு வீட்டுப் படத்துக்கு இவ்வளவும் நடக்குமா? நாங்க கைவெச்சாலாவது வீட்டுக்காரங்க கண்ணுக்குப் படம் தெரியுது. வார்னிஷே அடிக்கக் கூடாதுன்னா காலங்காலமா அடிச்சவங்க எல்லாம் எதுக்கு அடிச்சாங்க?

தூரிகை, ஓசூர்:
அண்ணா, நியாயமான கேள்வி. வார்னிஷ் தப்பே இல்லை, அது காவல். 1990-இல் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட்டின் 'நைட் வாட்ச்' மீது ஒருவர் அமிலம் தெளித்தார். காவலர்கள் உடனே தண்ணீர் ஊற்றினார்கள். அமிலம் வார்னிஷைத் தாண்டி வண்ணத்துக்குள் போகவில்லை. 1642-இல் வரைந்த படம் அப்படித்தான் பிழைத்தது. ஆனால் அந்த வார்னிஷ் பின்னால் வருபவர்கள் வண்ணத்துக்குச் சேதமில்லாமல் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இயற்கைப் பிசின்கள் எல்லாமே மஞ்சளாகும். டமார் பிசினை அதற்குரிய கரைப்பானால் எடுக்க முடியும். கோபால் கெட்டிப்பட்டுப்போய் லேசில் கரையாது, கரைக்க முயன்றால் வண்ணத்தையும் சேர்த்து இழுத்து வரும். அழுக்கு, பூப்பு, மணி எல்லாவற்றுக்கும் மேலே அதை அடித்தால் அத்தனையையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

உங்கள் இன்னொரு கேள்விக்கு நேராகப் பதில்: இந்தப் படத்துக்குச் சின்க்ரோட்ரான் வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வினைக்கு ஈரம் வேண்டும், வெப்பம் கூடினால் வேகம் கூடும். அப்படியானால் படத்தைச் சாரல் சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுவதே பாதி வைத்தியம். அதற்குச் செலவே இல்லை.

மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது அண்ணா. பின்பக்கத்துக்கு ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். பல்லியும் தூசியும் சுவரின் ஈரமும் துணியைத் தொடாது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். கண்ணாடி போட்டால் வண்ணத்தில் படாதபடி உள்ளே ஒரு மரச்சட்டம் இடைவெளிக்கு வேண்டும். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் பிரேம் கடை நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு வேண்டும்.

பிரேம்கடை, காவேரிப்பட்டணம்:
இது எனக்குப் புதுசு. பின்பக்கப் பலகைக்கு பிளைவுட் ஆகுமா?

தூரிகை, ஓசூர்:
வேண்டாம். பிளைவுட் பசையிலிருந்து அமில ஆவி வரும். அமிலமில்லாத அட்டையோ, பாலிப்ரொப்பிலீன் நெளிவுத் தகடோ நல்லது. தேர்தல் தட்டிக்குப் பயன்படுத்துகிறார்களே, அந்தத் தகடு, அச்சில்லாத வெறும் தகடாக வாங்குங்கள்.

ஒளிப்படக்காரர், பாலக்கோடு:
கருவி இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள். படத்தைத் தொட வேண்டியதே இல்லை.

ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். மணி, விரிசல், எழும்பிய செதில் எல்லாம் நிழலோடு தெரியும். ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி அந்த நிலையிலேயே படமெடுங்கள். அடுத்த வருஷமும் அதே இடம், அதே உயரம், அதே பக்க வெளிச்சத்தில் எடுத்தால் மணி கூடுகிறதா என்று ஒப்பிடலாம்.

இரண்டாவது, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். ஆன்லைனில் கிடைக்கிறது. கண்ணில் அடித்துக்கொள்ளாதீர்கள், படத்தின்மேலும் கொஞ்ச நேரம் போதும். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் இருந்தால் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும். துத்தநாக வெள்ளை மஞ்சளாக, பளிச்சென்று ஒளிரும். பின்னாளில் யாராவது பூசிய திருத்தம் கருந்திட்டாகத் தெரியும்.

மத்தூர் பேரன்:
இரண்டையும் செய்து பார்த்தேன். கோட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழை எதுவும் இல்லை, பொடிப்பொடியான படிகம் மாதிரிதான். புற ஊதா வெளிச்சத்தில் வேட்டி முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. ஆனால் இடது தோளில், அங்கவஸ்திரத்தின் மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்திட்டு. பகலில் அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்தத் திட்டில் மணியும் இல்லை. பச்சை ஒளிர்வு எங்குமே இல்லை.

வேதியியல் வாத்தியார், தருமபுரி:
அருமை! அப்படியானால் வேட்டி துத்தநாக வெள்ளை. தோளில் யாரோ பின்னால் வேறு வெள்ளையால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். புற ஊதாவில் டைட்டானியம் வெள்ளை கருமையாகத்தான் தெரியும். அது கொழுப்பு அமிலத்தோடு சோப்பும் ஆகாது. மணி இல்லாததும் பொருந்துகிறது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைக் காட்டினால் துணுக்கு எடுக்காமலேயே துத்தநாகமா, ஈயமா, டைட்டானியமா என்று தனிமம் தனிமமாகச் சொல்லிவிடும்.

பாரமகால் வரலாறு:
எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர். லக்னோவில் மத்திய அரசின் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. நமக்குப் பக்கம் பெங்களூரு, அங்கே இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் ஓவியப் பாதுகாப்பு மையம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியரைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

தூரிகை, ஓசூர்:
பச்சை ஒளிர்வு இல்லை என்றால் பழைய பிசின் வார்னிஷ் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வண்ணம் நேராகக் காற்றில் இருக்கிறது. அப்படியானால் வெள்ளையடிக்கும் சுண்ணாம்புத் தூசி ஒரு துளிகூடப் படக்கூடாது. வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே படத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். துத்தநாகச் சோப்பு வந்த வண்ணம் நொறுங்கும், அடுக்கு அடுக்காகப் பிரியும். அதனால் தூக்கும்போது இரண்டு பேர், சட்டத்தை மட்டும் பிடித்து. துணியின் பின்பக்கத்தில் விரல் படக்கூடாது.

பெங்களூருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் காரில் படுக்கைவாக்கில், முகம் மேலே பார்க்கும்படி. சட்டத்தின் நான்கு மூலையிலும் தெர்மாகோல் கட்டை வைத்து, அதன்மேல் அட்டையை மூடுங்கள், அட்டை வண்ணத்தைத் தொடாமல் நிற்கும். பபுள் ஷீட்டை நேராகப் படத்தின்மேல் சுற்றாதீர்கள். பகல் வெயிலில் பூட்டிய காரில் விடவும் வேண்டாம்.

இறக்கும்போது சட்டத்தின் கீழ்ப் பள்ளத்தைப் பாருங்கள். உதிர்ந்த செதில்கள் அங்கேதான் சேர்ந்திருக்கும். தட்டிக் கொட்டிவிடாமல் மடித்த காகித உறையில் போட்டு, எந்தப் பகுதிக்கு நேர் கீழே கிடைத்தது என்று பென்சிலில் எழுதிக் கூடவே எடுத்துப் போங்கள். குறுக்குவெட்டுப் பார்க்க அந்தச் செதிலே போதுமானால் படத்திலிருந்து புதிதாகத் துணுக்கு எடுக்க வேண்டியிருக்காது.